மரத்தில் காய்த்த கடலை

நீ செஞ்சதுதான் சரி மாப்ளே. டிசைனருக்கு எதுக்குத் தண்டமாக் காசு அழணும்? கையில போன் இருக்கு, போனுக்குள்ள ஆப் இருக்கு, ராத்திரி உனக்குத் தூக்கமும் வரமாட்டேங்குது. இந்த மூணும் அமைஞ்சவன் இன்னொருத்தன் கடை வாசல்ல போயி நிக்கலாமா? உங்க அம்மா என்கூடப் பொறந்தவ. அவ பெத்த பிள்ளைக்கு அந்த ரோசம்கூட இல்லாமயா போயிரும்?

நீ குடுத்துவிட்ட கடலைமிட்டாய்ப் பையை முதல்ல கண்ணாடி போடாமப் பாத்தேன். தீபாவளிக்கு வர்ற வெடிப்பெட்டின்னு நெனச்சேன். சிவகாசிக்காரன் கண்ணு, அப்படித்தான் தோணும், தப்பா எடுத்துக்காத. அப்புறம் கண்ணாடியைப் போட்டுப் பாத்தேன். அப்பவும் வெடிப்பெட்டிதான். பிரிச்சு, கடிச்சு, பாகு பல்லுல ஒட்டின பிறகுதான் நம்ம சரக்குன்னு நம்பிக்கை வந்துச்சு. சரக்கு அருமை மாப்ளே. அதுல குத்தம் சொன்னா என் நாக்கு அழுகிரும். வெல்லப்பாகு பதம் தவறல, கடலை வறுப்பு தீயல, மேல தூவின தேங்காய்ப்பூ கூட அளவா இருக்கு. அந்தக் கை வர்றதுக்கு நீ எத்தனை சட்டிப் பாகைக் கருக விட்டேன்னு உங்க அம்மாவைக் கேட்டாச் சொல்லுவா. பை போடுற கை மட்டும் ரெண்டு ராத்திரியில வந்துருச்சுன்னா நீ சாதாரண ஆளு இல்ல.

அந்தப் படம் எங்க பிடிச்ச? கம்ப்யூட்டர்கிட்டச் சொன்னா அதுவே வரைஞ்சு குடுக்குமாமே. "கடலைத் தோட்டம், பாட்டி, காலை வெயில்"னு சொல்லியிருப்ப. அதுவும் பவ்யமா வரைஞ்சு குடுத்திருக்கு. தோட்டம் இருக்கு, பாட்டி இருக்கு, வெயிலும் இருக்கு. கடலை மட்டும் மரத்துல காய்ச்சு, புளியங்காய் மாதிரிக் கொத்துக் கொத்தாத் தொங்குது. நம்ம கரிசக்காட்டுல பாட்டன் காலத்துல இருந்து கடலை போட்டுட்டு வர்றோம். பூ மேல பூக்கும், விழுது மண்ணுக்குள்ள இறங்கும், காய் உள்ளதான் பிடிக்கும். மம்பட்டி எடுத்துட்டுப் போவோமே தவிர, ஏணி எடுத்துட்டுப் போன ஆளை நான் பாத்ததில்ல. கம்ப்யூட்டரைக் குத்தம் சொல்லல. அது எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் வந்திருக்குமா, பிஞ்சையைப் பாத்திருக்குமா? பாத்தவன் நீ. பாத்துட்டும் "சூப்பர்"னு போட்டு அச்சுக்கு அனுப்பினவனும் நீதான்.

பாட்டிக்கு வலது கையில ஆறு விரல். அதை விட்டுரலாம். கடலை உருண்டை பிடிக்க ஒரு விரல் கூட இருந்தா வேலை வெரசா முடியும்.

எழுத்துக்கு வருவோம். கோவில்பட்டிங்கிற ஊரு பேர்ல மொத எழுத்து "கோ". அதுக்கு இரட்டைச்சுழிக் கொம்பு "க"வுக்கு முன்னால நிக்கணும், கால் பின்னால நிக்கணும். ஒண்ணாப்புல வாத்தியார் காதைத் திருகிச் சொல்லிக்குடுத்தது. உன் பையில கொம்பும் பின்னால போயி, காலோட சேந்து வரிசையில நிக்குது. அது உன் குத்தம் இல்ல, தமிழ் எழுத்து கோக்கத் தெரியாத சாப்ட்வேர்ல கொண்டுபோயி ஒட்டினா அப்படித்தான் ஆகும்னு என் பேத்தி சொன்னா. அதே மாதிரி பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்சுக் குடுத்து, பிரஸ்காரன் மிஷின்ல அந்த எழுத்துரு இல்லைன்னா, மொத்தமும் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமா விழும். தெரிஞ்ச ஆளு, எழுத்தை எல்லாம் கோட்டுப் படமா மாத்தித்தான் பைல் அனுப்புவான். அந்தப் பக்கம் எந்த மிஷின்ல திறந்தாலும் எழுத்து நகராது. இது பெரிய ரகசியம் இல்ல. ஆனா இது தெரியாமத்தான் இந்த ஜில்லாவுல எத்தனையோ மாப்பிள்ளைகளோட பேரு கல்யாணப் பத்திரிகையில வேற யார் பேராவோ மாறியிருக்கு.

கலரைப் பத்திக் கேட்டா கோவிச்சுக்குவ. "மாமா, போன்ல பளபளன்னு கிளிப்பச்சையா இருந்துச்சு, பிரஸ்காரன் ஏமாத்திட்டான்"னு சொன்னியாமே. பிரஸ்காரன் பாவத்தைக் கொட்டிக்காத. போன்ல தெரியிறது வெளிச்சம். சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு வெளிச்சம் கலந்து கண்ணுல அடிக்கிறது. அச்சுல விழுறது மை. சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு மை. அந்த வெளிச்சத்துக்கு இருக்கிற பளபளப்பு இந்த மையில வரவே வராது. கிளிப்பச்சை கொடுத்தா பாசிப்பச்சைதான் திரும்பி வரும். அதுக்குத் தக்கன முன்னாடியே கலரைத் திருத்தி வைக்கிறது ஒரு வேலை. அந்த வேலைக்குத்தான் ஆளு வேண்டாம்னு சொல்லிட்டியே.

போட்டோவும் அப்படித்தான். நீயே வட்டில்ல மிட்டாயை அடுக்கி, போன்ல பிடிச்சு, வாட்சப்புல உனக்கு நீயே அனுப்பி, அங்க இருந்து எடுத்துப் போட்டிருக்க. வாட்சப்பு படத்தைக் கசக்கிச் சின்னதாக்கித்தான் அனுப்பும். போன்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும். அது இல்லாம இழுத்துப் பெருசாக்கினதுல மிட்டாய்க்கு மேல கட்டம் கட்டமா அம்மை போட்டிருக்கு.

பையைக்கூட விடு. பெட்டிக்கு ஒட்டுற லேபிள் அடிச்ச பாரு, அதுதான் என் தொழிலு. நான் பிரஸ்ல கட்டிங் மிஷின்ல நின்னவன். தாளை ரீம் ரீமா அடுக்கி, மேல இருந்து கத்தி இறங்கும். அடியில கிடக்கிற தாள் ஒரு மயிரிழை நகரத்தான் செய்யும். அதனால ஓரத்தைத் தாண்டி 3 மில்லிமீட்டராவது கலர் வெளிய ஓடணும், எழுத்து ஓரத்துல இருந்து உள்ள தள்ளி நிக்கணும். அப்படிக் கலர் வெளிய ஓடுறதை ப்ளீட்னு சொல்லுவோம். நீ என்ன பண்ணியிருக்க? போன் நம்பரை ஓரத்தோட ஓரமா, சுவத்துல பல்லி ஒட்டின கணக்கா ஒட்டி வச்சிருக்க. கத்தி இறங்குச்சு, கடைசி நம்பர் போச்சு. இப்ப மொத்த வியாபாரிக்கு ஒன்பது நம்பர்தான் கிடைச்சிருக்கு. பத்தாவது நம்பருக்குப் பூஜ்யத்துல இருந்து ஒன்பது வரைக்கும் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தா ஒண்ணு கட்டாயம் நீதான் எடுப்ப. மிட்டாய் வேணும்னா அவ்வளவுகூட மெனக்கெட மாட்டானா அவன்?

சரி, இதெல்லாம் அச்சுச் சங்கதி. கத்துக்கிட்டா யாருக்கும் வந்துரும். என் வயித்தெரிச்சல் வேற. ஒரு சாண் அகலப் பையில நீ எத்தனை சங்கதியைத் திணிச்சிருக்க, நீயே பாரு. மேல பிள்ளையார், அதுக்குப் பக்கத்துல குலசாமி. கடை பேரு. கடை பேருக்கு மேல உங்க தாத்தா படம், கீழ உன் படம், கூலிங் கிளாஸோட. "பாரம்பரியம்", "இயற்கை", "கலப்படம் இல்லை", "ஒருமுறை ருசித்தால்"னு நாலு திசையிலயும் நட்சத்திரம் வெடிச்சு, உள்ள எழுத்து. மரத்துக் கடலை. ஆறுவிரல் பாட்டி. கீழ "வாழ்த்துக்களுடன் உங்கள்"னு கையெழுத்து. கல்யாண ப்ளக்ஸ்ல மிச்சம் இருந்துச்சோ அது? இத்தனைக்கும் நடுவுல "கடலைமிட்டாய்"ங்கிற சொல்லு எங்க இருக்குன்னு என் பேத்தியைத் தேடச் சொன்னேன். அவ தேடிக் கண்டுபிடிச்சா. கெட்டிக்காரி.

தாத்தா படத்தைப் போட்டது தப்புன்னு நான் சொல்லல. அந்தக் காலத்து முதலாளிமார் படம் போட்டாங்க, போலிச் சரக்கு வந்தா சனம் அடையாளம் கண்டுக்கிறட்டும்னு. உன் சரக்குக்குப் போலி வர்ற அளவுக்கு வளந்த பிறகு உன் மீசையைப் போடு, நான் தடுக்கல. இப்ப பஸ் ஸ்டாண்டுக் கடையில தொங்குற அம்பது சரத்துக்கு நடுவுல உன் பை தொங்கும்போது, பஸ் கிளம்பப் போகுதுன்னு அவசரத்துல ஒருத்தன் ஆறடி தூரத்துல இருந்து கையை நீட்டுவான். அவன் படிக்க மாட்டான், பாப்பான். அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல அவன் கண்ணுல விழ வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அது எதுன்னு முடிவு பண்ணி, மிச்சத்தை எல்லாம் பின்னுக்குத் தள்ளுறவனுக்குப் பேருதான் டிசைனர். நீ குடுக்கிற கூலி, அவன் வரையிற கோட்டுக்குன்னு நெனைக்கிற. உன் முகத்துக்கு நேரா "அண்ணே, உங்க படத்தை எடுத்துருவோம்"னு சொல்ல ஒரு ஆளு வேணும் பாரு, அதுக்குத்தான் பாதிக் கூலி. உன் பொண்டாட்டி சொல்ல மாட்டா, உன்கிட்ட வேலை பாக்கிறவன் சொல்ல மாட்டான். நான் சொன்னா, "மாமன் பொறாமையில பேசுறாரு"ம்ப.

எங்க ஊரு சிவகாசியோட சரித்திரத்தைக் கொஞ்சம் கேளு. 1920கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போயித் தீப்பெட்டித் தொழிலைக் கத்துட்டு வந்தாங்க. தீப்பெட்டி வந்துச்சு, அதுமேல ஒட்ட லேபிள் வேணும்னு அச்சு வந்துச்சு. ஊரே காலண்டரும் டைரியும் லேபிளுமா ஆயிருச்சு. அந்த முதலாளிமாரைப் பத்தி உனக்குத் தெரியும். சணல் கயித்தை முடிச்சு அவிழ்த்துச் சுருட்டி வைக்கிற ஆளுக. வெறுங்கையில காசை விட மாட்டாங்க. ஆனா படம்னு வரும்போது, "நம்ம கையில பிரஷ் இல்லையா, நாமளே வரைவோம்"னு யாரும் உக்காரல. வரையத் தெரிஞ்சவனைத் தேடிப் போனாங்க.

எங்க போனாங்க? உங்க ஊருக்குத்தான். கோவில்பட்டியில கொண்டையராஜுன்னு ஒருத்தர் இருந்தார். மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில ரமணாசிரமத்துல இருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கிட்டு ஊர் ஊராச் சுத்தி, கோவில்பட்டிக்கு வந்தவர் அங்கயே தங்கிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ அவர் பட்டறை. அவரும் அவர் சீடப்பிள்ளைகளும் வரைஞ்ச மீனாட்சி, முருகன், லட்சுமிதான் சிவகாசியில காலண்டரா அடிச்சு நாடு பூராப் போச்சு. 1976ல அவர் காலமாயிட்டார். இன்னைக்கும் உங்க வீட்டுப் பூசை அறையில கண்ணாடிச் சட்டத்துக்குள்ள இருக்கிற சாமி அவர் வழியில வந்த முகமா இருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன். சாமியவே தெரிஞ்சவன்கிட்டக் குடுத்துத்தான் வரைஞ்சிருக்காங்க. அந்த ஊர்ல பொறந்துட்டு நீ ஆறுவிரல் பாட்டியை எடுத்துட்டு வந்திருக்க.

தீப்பெட்டி லேபிளை எடுத்துப் பாரேன். ரெண்டு கலரு, மூணு கலரு. ஒரு மயிலு, இல்ல ஒரு பூட்டு, இல்ல ஒரு கப்பலு. படிக்கத் தெரியாத கிழவி கடையில போயி, "அந்த மயில் போட்ட பெட்டி குடுய்யா"ன்னு கேட்டு வாங்குவா. அவ்வளவு சின்ன இடத்துல ஒரே ஒரு படத்தை வச்சு வடநாடு வரைக்கும் வித்தாங்க. அதே இடத்துல நீயா இருந்தா மயிலுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, "வாழ்த்துக்களுடன்"னு எழுதியிருப்ப.

எழுத்து எழுதுறதும் அப்படித்தான் மாப்ளே. ஆதிமூலம்னு ஓவியர், திருச்சிப் பக்கத்துக்காரர், 2008ல போயிட்டார். காந்தியைக் கோட்டுலயே எத்தனையோ விதமா வரைஞ்சவர். அவர் புத்தக அட்டைக்கும் பத்திரிகைக்கும் தலைப்பு எழுதினா, தமிழ் எழுத்து அப்படியே படமா எந்திரிச்சு நிக்கும். நீ ஒரு பையில ஏழு விதமா எழுத்து போட்டிருக்க. ஒண்ணு வளையுது, ஒண்ணு சாயுது, ஒண்ணுக்கு நிழல் விழுது, ஒண்ணு தீப்பிடிச்சு எரியுது. எரியிறது "இயற்கை"ங்கிற சொல்லு.

"மாமா, காசு மிச்சம்"னு சொன்ன. அந்தக் காசுக் கணக்குக்கே வருவோம். ரூபாய்க்கு முன்னால இப்ப ஒரு குறி போடுறோமே, குறுக்கே ரெண்டு கோடு, கீழ ஒரு சாய்வு. அதை யாரு போட்டது? சர்க்கார்ல எத்தனை ஆபீசரு இருக்காங்க, ஒருத்தருக்கும் கோடு போடத் தெரியாதா? தெரியும். இருந்தும் போட்டி வச்சாங்க. மூவாயிரத்துக்கு மேல வந்து குவிஞ்சதுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தாங்க. போட்டது உதயகுமார், கள்ளக்குறிச்சியில பொறந்த நம்ம பையன். சென்னையில கட்டடக்கலை படிச்சு, மும்பை ஐஐடியில டிசைன் படிச்சவர். தமிழ் எழுத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்டவர். 2010 ஜூலை 15ஆம் தேதி மத்திய அரசு அதை ஏத்துக்கிச்சு. பரிசு இரண்டரை லட்சம். ஒத்தை எழுத்துக்கு இரண்டரை லட்சம்! நீ மிச்சம் பிடிச்சேன்னு மார்தட்டுற அந்த ரூபாய்க்கே ஒரு டிசைனர்தான்யா குறி போட்டிருக்கான்.

உன் மிச்சத்தையும் எண்ணிப் பாப்போம். பிளாஸ்டிக் பை அடிக்கணும்னா கலருக்கு ஒரு சிலிண்டர் வெட்டணும். ஒவ்வொண்ணும் ஆயிரக்கணக்குல முழுங்கும். ஒரு எழுத்துத் தப்புன்னா ரப்பர் வச்சு அழிக்க முடியாது, அந்த எழுத்து எந்த எந்தக் கலர்ல இருக்கோ அத்தனை சிலிண்டரையும் திரும்ப வெட்டணும். பையும் நூறு, இருநூறுன்னு தர மாட்டான், கிலோக்கணக்குல தருவான். உன் குடோன்ல இப்பக் கிடக்கு பாரு, கொம்பு இடம் மாறின கோவில்பட்டி, மூட்டை மூட்டையா. அதையும் "மிச்சம்"னுதான் சொல்லணும். மிஞ்சித்தானே கிடக்கு.

உன் கல்யாணத்துல ஆகாசத்துல பறந்து படம் எடுக்கிற குட்டி விமானத்துக்கு எவ்வளவு குடுத்த? அது எடுத்த படத்துல பந்தலோட தகரக் கூரைதான் தெரிஞ்சுச்சு. அதுக்குப் பேரம்கூடப் பேசல நீ. பத்து வருசம் சரக்குமேல ஒட்டப்போற முகத்துக்கு மட்டும் ஓசியில வேணும்.

இன்னும் ஒரு விசயம், இது கேலி இல்ல. 2020ல கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. ஊருக்கே பெருமைதான். அதுக்காக நெட்டுல இருந்து அந்த முத்திரையை எடுத்து நீயே ஒட்டிக்கிறதா? அதுக்குப் பதிவு பண்ணின பயனாளியா இருக்கணும். கோவில்பட்டியில பொறந்தேங்கிறது போதாது. விண்ணப்பம் போடு, வாங்கு, அப்புறம் ஒட்டு. பைக்குப் பின்னால சேர்மானம் என்ன, நிகர எடை எவ்வளவு, தயாரிச்ச தேதி, எதுக்குள்ள தின்னு முடிக்கணும், வரியோட சேத்து விலை, உணவு உரிம எண் 14 இலக்கம், சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, குறை சொல்ல ஒரு நம்பர்னு சட்டம் கேக்கிறது ஒரு பெரிய பட்டியல். எழுத்து இவ்வளவு உயரத்துக்குக் குறையக் கூடாதுன்னுகூட விதி இருக்கு. நீ தாத்தாவுக்கு இடம் விட்டதுல, தேதிக்கு இடம் இல்லாம மடிப்புக்குள்ள போட்டிருக்க. அதிகாரி வந்து மடிப்பைப் பிரிச்சுப் பாப்பார்னு நெனச்சியா?

அந்த ஆப்புல எடுத்த மார்க்கும் அப்படித்தான். வட்டத்துக்குள்ள ஒரு இலை. நல்லாத்தான் இருக்கு. என் பேத்தி படிக்கிற காலேஜ் பக்கத்துல ஒரு சோப்புக் கடைக்கும் அதே இலைதானாம். ஆப்புக்காரன் அதே இலையை உலகம் பூராத்துக்கும் குடுத்து வச்சிருக்கான். நாளைக்கு நீ பேரு வாங்கி, டிரேட்மார்க் பதிவு பண்ணப் போனா, உன்னை மாதிரிச் சின்ன வியாபாரிக்கு ஆன்லைன்ல கட்டணம் 4,500 ரூபாய், அது பெருசில்ல. எல்லாருக்கும் பொதுவான இலையை எனக்கு மட்டும் எழுதிக் குடுன்னு எப்படிக் கேப்ப?

எல்லாத்துக்கும் டிசைனர்கிட்ட ஓடுன்னு நான் சொல்லல. பொங்கல் வாழ்த்தை வாட்சப்புல போடணுமா, நீயே பண்ணு. "இன்று கடை விடுமுறை"ன்னு எழுதணுமா, அட்டையில கரியால எழுது, போதும். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்தா? ஆப்புல ரோசாப்பூ வச்சு ஜமாய். ஒரு நாள்ல செத்துப் போற தாளுக்கு எவனும் தச்சனைக் கூப்பிட மாட்டான். வருசக்கணக்குல நிக்கப்போறதும், ஆயிரக்கணக்குல அடிக்கப்போறதும், முன்பின் தெரியாதவன் கையில போகப்போறதும் வேற. அதுக்குத்தான் ஆளு தேடணும்.

தேடும்போது ஒண்ணைப் பாத்துக்கோ. டிடிபி சென்டர்ல உக்காந்திருக்கிற தம்பி வேற, டிசைனர் வேற. டிடிபி தம்பி கை வேகமானவன், நீ சொன்னதைச் சொன்னபடி அடிப்பான். நீ மரத்துல கடலை கேட்டா மரத்துல கடலை வைப்பான். அவன் மேல பிசகில்ல, நீ குடுக்கிறது டைப் அடிச்ச கூலி. டிசைனர்னா முதல் அரை மணி நேரம் மிஷினைத் தொட மாட்டான். யாரு வாங்குறா, எந்தக் கடையில தொங்கும், பக்கத்துல எவன் சரக்குத் தொங்குது, என்ன விலை, பை எதுல அடிக்கப்போற, எத்தனைன்னு கேட்டுக் குடைவான். கேள்வி கேக்காம, "பண்ணிரலாம்ணே"ன்னு உடனே மவுசைப் பிடிக்கிறவனா இருந்தா, டீயைக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துரு. கேள்வியும் கேக்காம, பழைய வேலையைக் காட்டச் சொன்னா நெட்டுல சுட்டதைக் காட்டுற ஆளும் ஊர்ல இருக்கான், படிச்ச படிப்பைப் பூராவும் உன் மிட்டாய்ப் பையில காட்டிரணும்னு துடிக்கிற ஆளும் இருக்கான். ரெண்டு பேர்கிட்டயும் சிக்காத.

நல்லவன் கிடைச்சா, அவன் நாற்காலிக்குப் பின்னால போயி நிக்காத. "கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் பெருசு, அந்தச் சிவப்பை இன்னும் சிவப்பா"ன்னு நீ முதுகுக்குப் பின்னால நின்னு சொல்லிக்கிட்டே இருந்தா, மறுபடி நீதான் டிசைன் பண்ணுற, காசு மட்டும் அவனுக்குப் போகுது. "முதல்ல ஒரு சாம்பிள் போட்டுக் காட்டுங்க, பிடிச்சாப் பணம் தர்றேன்"னு கேக்காத. மிட்டாயைத் தின்னு முடிச்சுட்டு, பிடிச்சாத்தான் காசுன்னு ஒருத்தன் சொன்னா நீ கரண்டியைத் தூக்குவ. அவன் போட்ட படத்தைக் குடும்பக் குரூப்ல போட்டு, மாமன் மச்சான் முப்பது பேர்கிட்டக் கருத்துக் கேக்காத. கேட்டா, ஆளுக்கு ஒரு சாமி, ஆளுக்கு ஒரு நட்சத்திரம் சேந்து பழைய பையே திரும்ப வந்துரும். எத்தனை தடவை திருத்தம், அதுக்கு மேல போனா எவ்வளவுன்னு முதல்லயே பேசிக்கோ.

எழுத வேண்டியதை எல்லாம் நீ ஒரு தாள்ல பிழையில்லாம எழுதிக் கொண்டு போ. பிழை பாக்கிறது அவன் வேலை இல்ல, தமிழ் வாத்தியாரு உங்க தெருவுலயேதான் இருக்கார். வேலை முடிஞ்சதும் திறந்து திருத்துற மாதிரி மூலப் பைலையும், எந்த எழுத்துரு போட்டான்ங்கிறதையும் கேட்டு வாங்கு. அந்த மார்க் உன் பேருக்குச் சொந்தம்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்தும் வாங்கு, வாய்ப் பேச்சு சட்டத்துல நிக்காது. அச்சுக்குப் போகும்போது போன்ல பாத்து ஓகே சொல்லாத. தாள்ல அடிச்சுக் காட்டச் சொல்லி, நம்பரை ஒவ்வொண்ணா விரல் வச்சுப் படிச்சுப் பாத்து, அப்புறம் கையெழுத்துப் போடு. பொடி எழுத்தை எல்லாம் ஒத்தைக் கருப்புல போடச் சொல்லு. நாலு கலர்ல போட்டா, ஒரு மைமேல இன்னொரு மை சரியா உக்காராம ரிஜிஸ்டர் விலகி, எடை எவ்வளவுன்னு உனக்கே தெரியாது.

எங்க பழைய பிரஸ்ல ஒரு தம்பி இருந்தான். இப்பத் தனியாக் கடை போட்டிருக்கான். மாடியில, போர்டுகூட இல்ல. கீழ டீக்கடையில கேட்டாக் காட்டுவாங்க. அவன் சிரிக்க மாட்டான், அதிகம் பேச மாட்டான், கேள்விதான் கேப்பான். திங்கக்கிழமை காலையில போ. பாதிப் பணத்தை அட்வான்ஸாக் கையில கொண்டு போ. மிட்டாயும் ஒரு கிலோ எடுத்துட்டுப் போ, பை இல்லாம, டப்பாவுல போட்டு. என் பேரைச் சொல்லலாம், உக்கார நாற்காலி குடுப்பான். என் பேரைச் சொல்லி விலையை மட்டும் குறைக்கச் சொல்லிராத மாப்ளே.